நான் ஊற்றிய அரை டம்ளர் தண்ணீர்

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம், சித்திரை வெயிலில் நடந்தது இது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் அப்போது நான் வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே பூட்டுக் கடை, மேலே நாங்கள், எங்கள் தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட். காலை பதினோரு மணிக்கே இரும்பு நாற்காலியின் கையைத் தொட முடியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு தெலுங்கு மீடியம். இரண்டும் அரைகுறையாகப் போய், பத்தாவதில் இரண்டு முறை தோற்றேன். மூன்று வருஷம் லாரி கிளீனர். பெங்களூரில் கட்டட வேலை. சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தெருவில் அட்டைப்பெட்டி தூக்கினேன். தூக்கும்போது பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் மாட்டக் கற்றுக்கொண்டேன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. திருப்பதிக்கு வந்ததும் அப்படித்தான். கடையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார்கள், தங்கிவிட்டேன்.

கடையில் மூன்று பேர். தெலுங்கு பேசும் முதலாளி, நான், ஓர் அக்கா. அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பாக்டரியில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைக்கும் வேலை பார்த்தவர். அந்தக் கை அப்படியே இருந்தது. நான் கண்ணால் தேடும் ஸ்க்ரூவை அவர் விரலால் தடவி எடுத்துவிடுவார். புது கம்ப்யூட்டர்கள் முக்கால்வாசி அவர் கையால்தான் கடையை விட்டு இறங்கும்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டை மூடுவதற்கு முன், மாட்டியவர் யாரோ அவர் அந்தத் தகட்டின் உட்புறத்தில் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். பூஜைக்குப் பூஜை, கையெழுத்துக்குக் கையெழுத்து. என் பொட்டு பெரிதாக, கோணலாக இருக்கும். அக்காவின் பொட்டு மோதிர விரலால் வைத்தது. சின்னதாக, வட்டமாக, மேல் மூலையில் இருக்கும். பழுது என்று பெட்டி திரும்பி வந்தால் முதலாளி முதலில் தகட்டைக் கழற்றிப் பொட்டைத்தான் பார்ப்பார். பொட்டு வைத்தவர்தான் பொறுப்பு.

அக்கா திருப்பதியில் இருந்ததற்குக் காரணம் அவருடைய வீட்டுக்காரர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். திருச்சானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்து இருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஆஸ்பத்திரி, அங்கிருந்து நடந்தால் கடை. இந்த வேலை இருக்கும் வரைதான் அந்த அறை. அந்த அறை இருக்கும் வரைதான் மாமாவுக்கு வாரம் மூன்று நாள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மாமா கடைப் படியில் உட்கார்ந்து இளைப்பாறுவார். கையில் ஒரு சின்ன பாட்டில், அதில் பேனாவால் போட்ட கோடுகள். ஒரு நாளைக்கு அவர் குடிக்கக்கூடிய தண்ணீர் அவ்வளவுதான். அந்த வெயிலிலும் அவ்வளவுதான். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோட்டைப் பார்ப்பார். ஆனால் ஆள் வாய் மட்டும் ஓயாது.

அந்தச் சித்திரையில் சித்தூரிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரர் வந்தார். முகூர்த்த சீசன். அவருடைய கம்ப்யூட்டர் வீடியோவை வெட்டி ஒட்டிச் சேர்க்கும்போது சூடாகி அணைந்து அணைந்து போனது. விசிறி பத்தாது, லிக்விட் கூலர் வேண்டும் என்றார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் மூளை மாதிரி இருக்கும் பிராசஸர்மேல் ஒரு சின்ன பம்ப் உட்காரும். அங்கிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள். அவை பெட்டியின் கூரையில் இருக்கும் ஒரு ரேடியேட்டருக்குப் போகும். உள்ளே இருக்கும் திரவம் சூட்டை வாங்கிக்கொண்டு போய் அங்கே ஆறிவிட்டுத் திரும்பி வரும். கம்பெனியிலேயே நிரப்பி மூடி அனுப்பிவிடுவார்கள். நாம் திறக்கக் கூடாது.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று இரண்டு விசிறி வைத்தது, சின்னது. இன்னொன்று மூன்று விசிறி, பெரிய ரேடியேட்டர், அவ்வளவாகப் பெயர் கேள்விப்படாத கம்பெனி. நான் பெரியதுதான் நல்லது என்றேன். மலையேறும் லாரிக்கு எவ்வளவு பெரிய ரேடியேட்டர், ஆட்டோவுக்கு எங்கே ரேடியேட்டர் என்று வீடியோக்காரரிடம் விளக்கம் வேறு. அக்கா சின்னதைக் கையில் எடுத்து, பம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எவ்ளோ கீதுன்றது கணக்கில்ல தம்பி. எப்டி ஓடுதுன்றதுதான் கணக்கு. இந்த பம்பு நல்ல பம்பு."

"போக்கா. சின்னது சின்னதுதான்."

"லாரிக்கு ஊத்தி ஊத்தி ஒனக்கு எத பாத்தாலும் தண்ணி பத்தலன்னே தோணுது."

வீடியோக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

சந்தேகம் தீரட்டும் என்று முதலாளி ஒரு வழி சொன்னார். வீடியோக்காரரின் கம்ப்யூட்டரில் பெரிய கூலர். கடையில் அதே பிராசஸர் போட்ட இன்னொரு கம்ப்யூட்டரில் சின்ன கூலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று நாள் ஓட்டுவது. வீடியோக்காரர் கையோடு ஒரு கல்யாணத்தின் வீடியோவைக் கொண்டுவந்திருந்தார். அதை அவருடையதில் முழுசாகவும் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு துண்டாகவும் ஓடவிட்டால் வேலையும் முடியும், சூடும் தெரியும். எது ஜெயிக்கிறதோ அதை வாங்கிக்கொள்வார். அவரோடு சேர்ந்த மற்ற வீடியோக்காரர்களும் வாங்குவார்கள்.

இரண்டையும் அக்காதான் மாட்டினார். இரண்டு தகட்டிலும் அக்காவின் பொட்டு. என் கூலர் ஜெயித்தால் அக்கா எனக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும், அவருடையது ஜெயித்தால் நான். சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, மணிக்கு ஒரு முறை இரண்டின் சூட்டையும் எழுதினோம்.

முதல் நாள் ஆஸ்பத்திரி இல்லை; இருந்தும் மத்தியானம் மாமா அக்காவைப் பார்க்க வந்தார். பக்கத் தகடு திறந்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குழாய், பம்ப், பக்கத்தில் ஓடும் விசிறி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அடடே, நம்ம ஆளு. இதுக்கும் வாரத்துல மூணு நாளா?"

"இது எந்நேரமும் ஓடும் மாமா."

"குடுத்து வெச்சது. எவ்ளோ தண்ணி குடிக்கும்?"

"உள்ள கீறதே ரெண்டு டம்ளருகூட இருக்காது."

"அப்ப என் கோட்டாதான்," என்று பாட்டிலை ஆட்டிக் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் சுவர்க் காகிதத்தில் அக்காவின் கூலர் எழுபத்தொன்று டிகிரி. என்னுடையது எழுபத்தொன்பது. அதோடு என்னுடையதில் ஒரு சத்தம் வேறு, குளத்தில் பானையை அமுக்கினால் வருமே, அந்த மாதிரி கொளகொளவென்று. அக்கா காதை வைத்துக் கேட்டார். பம்புக்குள் காற்று நிற்கிறது என்றார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவரு மெஷினாண்ட ஒக்காந்து ஒக்காந்துதான். டியூப்புல இத்துனூண்டு காத்து வந்தா போதும், மெஷினு கத்தும். நர்ஸம்மா ஓடியாந்து டியூப்ப தட்டும். காத்து எப்பவும் மேல ஏறத்தான் பாக்கும், அதுக்கு வழி வுடணும். நாளிக்கி நான் வர்ல, ஆஸ்பத்திரி. நீ ரெண்டு வாட்டி பொட்டிய சாய்ச்சி நிமுத்து, போதும். வேற எதுவும் கை வெக்காத."

மறுநாள் கடையில் நான் மட்டும். முதலாளி சாமான் எடுக்க சென்னை போயிருந்தார். பெட்டியைச் சாய்த்து நிமிர்த்தினேன். சத்தம் கொஞ்சம் நின்று மறுபடி வந்தது. இன்னொரு தடவை பொறுமையாகச் செய்திருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது. இன்றைக்கு யாராவது அப்படிச் சத்தத்தோடு கொண்டுவந்தால் பத்துத் தடவை சாய்க்கிறேன். அன்று சூடு எண்பதைத் தாண்டியது. சுவர்க் காகிதத்தில் அந்த எண்ணை எழுதவே கை வரவில்லை.

லாரியில் இருந்தபோது புத்தூர் தாண்டி மேட்டில் இன்ஜின் கொதித்தால், மூடியைத் திருகித் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நூறு முறையாவது ஊற்றியிருப்பேன். ஊற்றியதும் முள் இறங்கும், டிரைவர் பீடி பற்றவைப்பார், வண்டி கிளம்பும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டரை அணைத்தேன். ரேடியேட்டரைக் கழற்றி வெளியே எடுத்தேன். அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர், அதைக் கிழித்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. பிளேடு நுனியால் கிழியாமல் எடுத்தேன். கீழே ஒரு ஸ்க்ரூ, அதற்கு ஒரு ரப்பர் வாஷர். திறந்தேன். நாங்கள் குடிக்கும் கேனிலிருந்து தண்ணீர் எடுத்து, ஊசி போடும் சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அரை டம்ளர்கூட இருக்காது. குமிழ் குமிழாகக் காற்று வெளியே வந்தது. ஸ்க்ரூவை இறுக்கும்போது வாஷர் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. இன்னும் பலமாக இறுக்கினேன். பசை தடவி ஸ்டிக்கரை ஒட்டினேன். பழையபடி கூரையில் மாட்டிவிட்டேன்.

சத்தம் நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்தில் அறுபத்தெட்டு. சுவரில் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். அந்த மத்தியானம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அக்கா வந்தார். மாமாவுக்கு அன்று ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்க நேரமாகிவிட்டதாம், முகம் வாடியிருந்தது. சுவரைப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"சாய்ச்சியா?"

"சாய்ச்சேன்க்கா."

"பார்றா. ஒங்க லாரி ஜெயிச்சிட்ச்சே," என்றார். கொஞ்சம் ஆச்சரியம், கொஞ்சம் சந்தோஷம். சொன்னபடி கீழே போய் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தார். நின்றுகொண்டே தின்றோம். தோற்றதற்காக அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. பெரிய ரேடியேட்டருக்கு மதிப்பு இருக்கத்தான் இருக்கிறது போல, இனிமேல் கேட்பவர்களுக்கு அதையே சொல்லலாம் என்றார். நான் சாஸில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை நான் எழுந்து பார்க்கும்போது ஒரு கம்ப்யூட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கூலர் போட்டது இருட்டாக இருந்தது. கருகிய வாசனை. தகட்டைக் கழற்றினேன். அந்த ஸ்க்ரூவிலிருந்து இரவெல்லாம் சொட்டியிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டின் முதுகு முழுக்க ஈரம், போர்டில் கறுப்பு. பவர் சப்ளை கருகி ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோயிருந்தது. தகட்டில் தெறித்த தண்ணீர் அக்காவின் பொட்டைக் கரைத்து, மேல் மூலையிலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடாக இழுத்திருந்தது.

நான் முதலில் செய்தது அந்த ஸ்க்ரூவைச் சுற்றித் துணியால் துடைத்ததுதான்.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். பத்து மணிக்கு வீடியோக்காரர். அவர் சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. கேமரா கார்டை எல்லாம் அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டாராம். கடைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தது வெறும் இரண்டு மணி நேரத் துண்டு. தாலி கட்டியது இதில் இருந்த டிஸ்க்கில். அந்த வீட்டுக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன், இன்னொரு முறை கட்டச் சொல்வதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. முதலாளி தகட்டைத் திருப்பிப் பொட்டைப் பார்த்தார். பிறகு ரேடியேட்டரைப் பார்த்தார். ஸ்டிக்கர் ஒட்டியபடி இருந்தது. யாரும் திறக்கவில்லை. அப்படியென்றால் மாட்டியதில்தான் தப்பு என்று முடிவுக்கு வந்தார்.

அக்கா அப்போதுதான் படியேறி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கைப்பையைக் கழற்றாமலே வந்து குழாய் பம்பில் சேரும் இடத்தைத் தடவினார். "ரெண்டு வாட்டி முறுக்கிப் பாத்தனே சார்," என்றார். மறுபடி தடவினார். அதன் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நேத்து நான் இல்லாதப்ப இதுக்கு இன்னாவாச்சும் ஆச்சா?"

முதலாளி என்னைப் பார்த்தார். வீடியோக்காரரும் என்னைப் பார்த்தார். அக்கா கேட்டது என்னைச் சந்தேகப்பட்டு இல்லை. தன் கை எங்கே தப்பியது என்று தேடுகிறவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன்.

எனக்கு அப்போது இருந்தது பெரிய பயம்கூட இல்லை. வேலை போனால் வேறு ஊர் எனக்குப் புதிதா? லாரிக்கு ஊற்றுவதுபோல் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான் என்று மூன்று பேர் சிரிப்பார்களே என்பதுதான். அதற்காகத்தான் சொன்னேன்.

வீடியோக்காரர் தெலுங்கில் முதலாளியிடம் சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு வருகிற கை, அந்தக் கையில் ராசி எங்கேயிருந்து வரும், புதுச் சாமானை அந்தக் கையில் கொடுக்கலாமா என்று. எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெலுங்கு தெரியும். அக்காவுக்கும் தெரியும். கைராசி என்பது அந்த ஊர் வியாபாரத்தில் சாதாரணப் பேச்சில்லை. முதல் போணி யார் கையில், பூஜைக்கு யார் கையால் விளக்கு என்று பார்க்கிற கடைத் தெரு. முதலாளி நல்லவர்தான். ஆனால் அவரும் அதைக் கேட்டபிறகு அக்காவின் கையைப் பார்த்ததை நான் பார்த்தேன். சாயங்காலம், "வேற இடம் பாத்துக்கோம்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா அழவில்லை, வாதாடவும் இல்லை. மேஜை டிராயரிலிருந்து தன்னுடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என்னிடம் கொடுத்தார். நுனியில் காந்தம் வைத்தது, பாக்டரி நாளிலிருந்து வைத்திருந்தது.

"நீ வெச்சிக்க. இனிமே எனக்கு இன்னாத்துக்கு?"

வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெரிய கூலரைக் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னார் முதலாளி. அங்கே திறந்தால் உள்ளே இருப்பது கேன் தண்ணீர் என்று தெரிந்துவிடும். அலிபிரி போகும் வழியில் ஒரு பழைய சாமான் கடையில் அதைப் போட்டுவிட்டு, பார்சல் போய்விட்டது என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது நாக்குத் தடுமாறக்கூட இல்லை.

பத்து நாள் கழித்து, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திருச்சானூருக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. ஊருக்கே போய்விட்டார்கள் என்றார் லாட்ஜ் வாட்ச்மேன். ஊர்ப் பெயர் தெரியும். சத்தியவேட்டுக்கு பஸ்ஸும் இருந்தது. எனக்கு அப்போது மனதில் வந்தது நிம்மதி. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஆடி மாதம் நானும் கடையை விட்டுக் கிளம்பிவிட்டேன். ஓசூர், திரும்ப பெங்களூர். அடுத்த வருஷம் ஊரடங்கு வந்தபோது ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் பதினோரு பேரோடு அடைந்து கிடந்தேன்.

எல்லாம் திறந்தபிறகு சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு பாக்டரியில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் கேண்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு இடம் தேடினால், முகக்கவசத்தை இறக்கிவிட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் பிரிவில் வேலை. நெற்றியில் பொட்டு இல்லை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா தம்பி, நிக்கிற? ஒக்காந்து துன்னு," என்றார்.

நான் கேட்காமலே அவர் சொன்னார். அறையைக் காலி செய்யும்போதே டாக்டர் ஒரு வழி சொன்னாராம். இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். வீட்டிலேயே தண்ணீர்ப் பையை மாட்டி, உள்ளே விட்டு, வெளியே எடுக்கலாம். கூட இருப்பவர் கை சுத்தமாக, இறுக்கமாக, சொட்டுக் கசியாமல் மாட்டினால் போதும். அக்காவுக்குக் கற்றுத் தருவதாக நர்ஸ் கூப்பிட்டிருக்கிறார்.

"நாந்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்க்கா?"

அக்கா தன் வலது கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்தார். "இந்தக் கையாலயா? ஒரு கம்ப்யூட்டருக்கே ஒழுங்கா முறுக்க வர்ல. அவரு வயித்துல கொண்டு போயி மாட்டுவனா? அவரு சொன்னாரு, ஒன் கைய நம்பி நான் குடுக்கறேன்டின்னு. எனுக்கு தைரியம் வர்ல."

ஆகவே பஸ். வாரத்துக்கு மூன்று நாள் சத்தியவேட்டிலிருந்து திருப்பதி. விடியற்காலை கிளம்பி, திரும்ப இருட்டிவிடும். பஸ்ஸில் வாந்தி. அப்படியும் பல மாதம் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு ஊரடங்கு. பஸ் இல்லை. பாஸ் வாங்கவேண்டும், கார் பிடிக்கவேண்டும், செக்போஸ்டில் நிற்கவேண்டும்.

"மூணு வாட்டி தவறிப் போச்சி. நாலாவது வாட்டிக்கு வண்டி கெடச்சிது. அவரு இல்ல."

சாம்பார் சோற்றில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் சொல்லியிருக்க மாட்டேன். ஸ்டிக்கரைப் பிளேடால் எடுத்தது, கேன் தண்ணீர், சிரிஞ்ச், வாஷர், பசை, பழைய சாமான் கடை, எல்லாவற்றையும் தலையைத் தூக்காமல் சொன்னேன். பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை விரலால் தடவினார். பிறகு ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"வாஷரு பழசேதானா?"

"ஆமாக்கா. இறுக்கும்போது நகந்துச்சி. பலமா முறுக்கிட்டேன்."

"அப்ப அங்கதான் கிழிஞ்சிருக்கும்." தட்டை ஓரமாகத் தள்ளினார். "டியூப்பு சேர்ற எடத்துல இல்லியே?"

"இல்லக்கா. அங்க ஒரு சொட்டுகூட இல்ல. நான் பாத்தேன்."

அக்கா கையைத் திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார். "அப்ப நான் முறுக்குனது சரியாத்தான் கீது," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "மாட்டியிருக்கலாம்," என்றார். அதற்கு அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், தட்டைப் பார்த்தபடி.

சங்கு ஊதியது. தட்டைக் கழுவி அடுக்கினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, டேப் ஒட்டும் பிரிவுக்குப் போனார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நாசமாய்ப் போ என்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நான் தேடிப் போகவில்லை. அந்த முகத்துக்கு என்னால் முடிந்த ஒரே மரியாதை அதுதான் என்று தோன்றியது.

இப்போது வேறு ஊரில், வேறு கடையில் இருக்கிறேன். லிக்விட் கூலர் இன்றைக்குச் சாதாரணமாகிவிட்டது. எது நல்லது என்று வருகிறவர்கள் கேட்டால், தண்ணீரின் அளவைப் பார்க்காதீர்கள், பம்பைப் பாருங்கள் என்று அக்கா சொன்னதையே சொல்கிறேன். இந்தக் கடையில் பொட்டு வைக்கும் பழக்கம் இல்லை. ஏதாவது பழுதென்று பெட்டி திரும்பி வந்து, இதை யார் தொட்டது என்று முதலாளி கேட்டால், நான் தொட்டிருந்தால் 'நான்தான்' என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு கொஞ்ச நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிகிறது; அவ்வளவு நேரம்தான் அன்று அந்த அக்கா, கைப்பையைக்கூடக் கழற்றாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.